கண்முன் பூத்திருக்க, காலண்டரைப் பார்த்து ஏன் வரைய வேண்டும்?

வாலாஜாபேட்டையை ஒட்டிச் செல்லும் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் தினமும் இரண்டு வகை ரோஜாக்கள் பயணம் போகின்றன. ஒன்று, ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து கோயம்பேட்டுக்கு மூட்டையிலும் அட்டைப் பெட்டியிலும் போகும் பூ. மற்றொன்று, லாரியின் பின்கதவில் எனாமல் பெயின்ட்டில் மலர்ந்திருக்கும் பூ. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வரைந்த ரோஜாவில் சுருள்சுருளாகச் சிவப்பு, நீண்ட காம்பு, காம்பின் இருபுறமும் பக்கத்துக்கு ஒன்றாக ஒற்றை இலை. செடியில் அப்படி ஓர் இலை கிடையாது. ரோஜாவின் இலை கூட்டிலை: ஒரே ஈர்க்கில் ஐந்தோ ஏழோ சிற்றிலைகள், ஒவ்வொன்றின் ஓரத்திலும் ரம்பப் பல், இலைக்காம்பின் அடியில் இருபுறமும் ஒட்டிக்கொண்டிருக்கும் இலையடிச் செதில். முள்ளும் எலுமிச்சை முள்ளைப் போலத் தண்டின் உள்ளிருந்து கிளம்புவதில்லை. மேல்தோலில் முளைப்பது, விரலால் பக்கவாட்டில் தள்ளினால் சுத்தமாகப் பெயர்ந்து வந்துவிடும். இதெல்லாம் தாவரவியல் மாணவர்கள் படிக்க வேண்டிய சங்கதி என்று ஒதுக்கிவிடலாம்தான். ஆனால் கடை ஷட்டர், கல்யாணப் பத்திரிகை, தலையணை உறையின் எம்பிராய்டரி, பள்ளி ஓவிய நோட்டு என்று எங்கே திரும்பினாலும் அதே ஒற்றை இலை ரோஜா நிற்கிறது என்றால், வரைந்தவர்களில் பெரும்பாலானோர் செடியைப் பார்க்கவில்லை, இன்னொரு படத்தைப் பார்த்திருக்கிறார்கள் என்றே கொள்ள வேண்டியிருக்கிறது.

அதில் என்ன குற்றம் என்று கேட்கலாம். லாரிக்குப் பெயின்ட் அடிப்பவர் மீது எந்தக் குற்றமும் இல்லை; அவருக்கு நேரம் குறைவு, கூலி குறைவு, வாடிக்கையாளர் கேட்பதும் அந்த ரோஜாவைத்தான். என் வழக்கு ஓவியம் கற்பிக்கிறவர்களோடும், ஓவியர் என்று தம்மைச் சொல்லிக்கொள்கிறவர்களோடும். இயற்கையிலும் பண்பாட்டிலும் ரோஜா நமக்குக் கொடுத்திருப்பது ஏராளம். மேற்குத் தொடர்ச்சி மலையில் நமக்கே உரிய காட்டு ரோஜா ஒன்று இருக்கிறது. சமவெளியில் கோயிலுக்கும் தர்காவுக்கும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஒரே மாதிரி போய்வரும் மாலை ரோஜா இருக்கிறது. இந்த இரண்டையும் விட்டுவிட்டு, பசுமைக்குடிலில் வளர்த்துக் காகிதம் சுற்றிப் பெட்டியில் அனுப்பும் மூன்றாவது ஒரு ரோஜாவை, அதையும் நேரில் பார்க்காமல், வாழ்த்து அட்டையிலிருந்து எடுத்து வரைந்துகொண்டிருக்கிறோம். ஓவியத்துக்கு ரோஜா ஊற்றாக இருக்க வேண்டுமானால் முதலில் நம் ரோஜாக்களைச் செடியில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதே என் வாதம். புதிதாக எதையும் கேட்கவில்லை. இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு இந்த மண்ணின் ஓவியர்களே செய்து காட்டிய வேலைதான் இது.

நீலகிரியிலும் பழனி மலையிலும் சோலைக்காட்டு ஓரங்களில் மரங்களின் மேல் ஏறிப் படரும் ஒரு கொடி ரோஜா உண்டு. வெள்ளைப் பூ, ஐந்தே இதழ், நடுவில் கொத்தாக மஞ்சள் மகரந்தத்தாள்கள். அதன் அறிவியல் பெயர் ரோசா லெசெனால்டியானா. 1816-ல் புதுச்சேரிக்கு வந்து, தென்னிந்தியாவெங்கும் அலைந்து செடிகளைச் சேகரித்த பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெசெனால்ட் த லா தூர் என்பவரின் பெயரைத் தாங்கியிருக்கிறது. அவர் நீலகிரியில் சேகரித்த செடி பாரிஸ் போய்ச் சேர்ந்தது. அங்கே பியர்-ஜோசப் ரெதூத்தே, 1817-க்கும் 1824-க்கும் இடையில் பகுதி பகுதியாக வெளிவந்த 'லே ரோஸ்' என்ற தொகுப்பில் இதையும் ஒரு படமாகச் சேர்த்தார். சுமார் 170 படங்கள் கொண்ட அந்தத் தொகுப்பு இன்றைக்கும் உலகில் அதிகம் மறுபதிப்பாகும் மலர் ஓவிய நூல்களில் ஒன்று. நெப்போலியனின் மனைவி ஜோசபினுக்காகச் செய்த புத்தகம் என்று பலர் எழுதுவார்கள். அவர் 1814-லேயே இறந்துபோனார், முதல் பகுதியைக்கூடப் பார்க்கவில்லை. நமக்கு முக்கியமான செய்தி வேறு. சுவரொட்டியாகவும் தேநீர்க் கோப்பைச் சித்திரமாகவும் உலகமெங்கும் புழங்கும் ரெதூத்தேயின் ரோஜாக்களுக்கு நடுவே நம் நீலகிரி ரோஜாவும் இருக்கிறது. உதகைக்குச் சுற்றுலா போய்வரும் எத்தனை பேருக்கு இது தெரியும்?

பாரிஸோடு கதை முடியவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியில் மருத்துவராக இருந்த ஸ்காட்லாந்துக்காரர் ராபர்ட் வைட், ஆர்னாட் என்பவரோடு சேர்ந்து 1834-ல் இந்தச் செடியைத் தனி இனமாக நிலைநிறுத்தினார். பிறகு 1838-லிருந்து 1853 வரை ஆறு தொகுதிகளாக அவர் சென்னையில் வெளியிட்ட 'ஐகோனிஸ்' என்ற மாபெரும் நூலில் மொத்தம் 2101 கல்லச்சுப் படங்கள். அதன் 38-ஆவது படம் இந்த ரோஜா. வைட்டுக்குத் தொடக்கத்திலிருந்து வரைந்து கொடுத்தவர் ரங்கையா. தஞ்சை அரண்மனை ஓவிய மரபோடு தொடர்புடையவராகக் கருதப்படுபவர். அவருக்குப் பின் வந்தவர் கோவிந்து. பொன் தகடும் கண்ணாடிக் கல்லும் ஒட்டிக் கடவுளர் உருவங்களை அலங்கரிக்கும் மரபுக்கு நெருக்கமான கைகள், பூவைக் கூறுபோட்டு, சூலகத்தின் குறுக்கு வெட்டையும் மகரந்தத்தாளின் முதுகையும் வரைந்தன. கோவிந்துவின் திறமையை மெச்சி ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே 'கோவிந்தூயா' என்று பெயர் சூட்டினார் வைட். கம்பெனி காலத்தில் தாவர ஓவியம் வரைந்த இந்தியர்களில் பெரும்பாலானவர்களின் பெயர்கூட நமக்கு மிஞ்சவில்லை என்பதை நினைத்தால் இது சாதாரண மரியாதை இல்லை. இந்த இருவரும் வரைந்த மூலப் படங்களில் பல இப்போது எடின்பரோவில் உள்ள அரச தாவரவியல் பூங்காவில் இருக்கின்றன.

இந்த வகை ஓவியம் எதைப் பார்க்கக் கற்றுக்கொடுக்கிறது என்பதை ஒரே ஒரு உறுப்பை வைத்துச் சொல்லலாம். தோட்டத்து ரோஜாக்கள் பலவற்றில் சூல்தண்டுகள் தனித்தனியாக, பூவின் நடுவில் ஒரு சிறு மெத்தைபோல அடங்கிக் கிடக்கும். நீலகிரி ரோஜாவில் அவை எல்லாம் ஒன்றாக ஒட்டி ஒரு தூணாக வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். ரோஜா இனங்களைப் பிரித்து அறிவதற்கே இது ஓர் அடையாளம். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது வெறும் மஞ்சள் புள்ளி. கையில் எடுத்து வரைகிறவருக்கோ பூவின் நடுவில் ஒரு நிமிர்வு, ஒரு நிழல். புல்லி இதழ்களிலும் இதேபோல் ஒரு வேடிக்கை உண்டு. நாட்டு ரோஜா மொட்டு ஒன்றைத் திருப்பிப் பிடித்து, பூவைத் தாங்கும் ஐந்து பச்சைப் புல்லி இதழ்களைப் பாருங்கள். பல வகைகளில் இரண்டுக்கு இருபுறமும் தாடி இருக்கும். இரண்டுக்கு ஒருபுறமும் இருக்காது. ஐந்தாவதற்கு ஒரு பக்கம் மட்டும் இருக்கும். மொட்டாக இருக்கும்போது எந்த விளிம்பு உள்ளே மடங்கி மறைந்திருந்தது, எது வெளியே தெரிந்தது என்பதன் விளைவு இது. ஐரோப்பாவில் இதை ஐந்து சகோதரர் விடுகதையாகவே சொல்லி வந்தார்கள். காலண்டர் ரோஜாவில் ஐந்து புல்லி இதழ்களும் அச்சில் வார்த்ததுபோல ஒரே அளவில் இருக்கும். அழகைக் கூட்டுவதற்காக ஓவியர் எளிமைப்படுத்தினார் என்று இதைச் சொல்ல முடியாது. இருப்பது தெரிந்தவர்தான் எளிமைப்படுத்த முடியும்.

இனி மாலை ரோஜாவுக்கு வருவோம். பூக்கடையில் எட்வர்ட் ரோஜா என்றும், சில இடங்களில் பன்னீர் ரோஜா என்றும் கேட்டு வாங்கும் இளஞ்சிவப்புப் பூ. காம்பு குட்டை, இதழ்கள் கிண்ணம்போல் குவிந்தவை, வாசனை தூக்கலானது. ஜாடியில் வைத்தால் மறுநாளே உதிர்ந்துவிடும், அதனால் உதிரிப் பூவாக எடைக்குத்தான் விற்பனை. இதன் பூர்வீகம் இந்தியப் பெருங்கடலில் உள்ள ரெயூனியன் தீவு, அன்றைய பெயர் பூர்போன். வேலி ஓரத்தில் டமாஸ்க் ரோஜாவும் சீன ரோஜாவும் கலந்து பிறந்த புது வகையை அந்தத் தீவில் எதுவார் ரோஜா என்றார்கள். 1819-ல் அதன் விதைகள் பாரிஸுக்கு அனுப்பப்பட்டன. அங்கிருந்து பூர்போன் ரோஜாக்கள் என்ற பெரிய குடும்பமே கிளைத்தது. ரெதூத்தே இந்தப் பூர்போன் ரோஜாவையும் விட்டுவைக்கவில்லை. ஆக, நம் மலையில் பூக்கும் ரோஜாவும், நம் மாலையில் கட்டும் ரோஜாவின் மூதாதையும் ஒரே புத்தகத்தில், ஒரே ஓவியரின் கையால் இடம்பெற்றிருக்கின்றன. அதே ரெயூனியனுக்குத்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஆயிரக்கணக்கான தமிழர்கள் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறினார்கள். தமிழரின் உழைப்பு போன திசையிலிருந்து தமிழரின் மாலைக்குப் பூ வந்திருக்கிறது. ஓவியத்துக்கு இதைவிடப் பெரிய கதை வேண்டுமா?

பண்பாட்டில் இந்தப் பூ எட்டாத இடமே இல்லை. ஆற்காட்டில் திப்பு மஸ்தான் அவுலியா தர்கா இருக்கிறது. திப்பு சுல்தானுக்கு அந்தப் பெயர் வந்ததே அந்த மகானின் நினைவாகத்தான். இங்கேயும் மற்ற தர்காக்களிலும் சமாதியின் மேல் விரிக்கும் பூச்சாதரில் ரோஜா இல்லாமல் இருக்காது. கோயில் உற்சவ மூர்த்திக்குச் சாத்தும் நிலைமாலை, மணமக்கள் மாற்றிக்கொள்ளும் மாலை, வாசலில் வரவேற்கும் பன்னீர்ச் செம்பு, நாட்டு மருந்துக் கடைக் குல்கந்து, கோடையில் ரோஸ் மில்க், கடைசியில் இறுதி ஊர்வலத்தில் தெருவெல்லாம் இறைபடும் இதழ்கள் என்று வரிசை நீளும். மாலை கட்டுகிறவரின் முன்னால் சற்று நேரம் நின்று பார்த்தாலே ஓவியருக்குரிய காட்சி கிடைக்கும். ஈரக் கோணியில் குவித்த பூ, காம்பை ஒட்ட நறுக்கும் கத்தரி, வாழைநாரை நனைத்து இழுக்கும் கட்டைவிரல், முகம் வெளியே தெரியும்படி பூவைத் திருப்பிவைக்கும் லாவகம். இந்த மாலையில் ரோஜா ஒற்றைப் பூவாக நிற்பதே இல்லை. கூட்டமாக, கனமாக, ஈரமாக இருக்கிறது, ஒன்றின் நிறம் அடுத்ததன் நிழலில் அடர்கிறது. காதலர் தினத்துக்கு விற்கும் 'தாஜ்மகால்' ரகச் சிவப்பு ரோஜா ஒற்றையாக நின்று போஸ் கொடுக்கும் பூ. நம் ஓவியங்கள் அந்த ஒற்றைப் பூவையே வரைந்து தள்ளுகின்றன. தமிழ்நாட்டில் ரோஜா உண்மையில் வாழும் விதம் சித்திரத்தில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை.

இதற்கு வரும் முதல் மறுப்பு எதிர்பார்த்ததுதான்: ரோஜா அயல்நாட்டுப் பூ, தமிழ் ஓவியர் ஏன் அதன் பின்னால் போக வேண்டும்? குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை அடுக்கினார், அந்தப் பட்டியலில் ரோஜா இல்லை. தாமரை, காந்தள், முல்லை, கொன்றை இருக்கும்போது இது எதற்கு என்பார்கள். தாமரையையும் காந்தளையும் வரையட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை. அவற்றையும் செடியைப் பார்த்து வரையச் சொல்வேன், அவ்வளவே. நம் மேடை அலங்காரத் தாமரைகள் ரோஜாவைவிட மோசமான நிலையில் இருக்கின்றன. ஆனால் அயல் என்ற வாதம் மலையேறினால் நிற்காது. நீலகிரி ரோஜா மேற்குத் தொடர்ச்சி மலையின் சொந்தச் செடி. இங்கே வந்து சேர யாருடைய கப்பலும் அதற்குத் தேவைப்படவில்லை. எட்வர்ட் ரோஜா வந்தேறிதான், மிளகாயும் தக்காளியும் வந்தேறியானதுபோல. சாமி கழுத்தில் ஏறிவிட்ட பூவைக் கித்தானில் ஏற்றக் கூடாது என்பது விநோதமான தீட்டு.

இரண்டாவது மறுப்பு கனமானது, அதை எளிதில் தட்டிக்கழிக்க முடியாது. நம் மரபே பார்த்துப் படி எடுக்கும் மரபு. குரு போட்ட கோட்டின்மேல் சீடன் கோடு போட்டுத்தான் கை பழகுகிறது. சோழமண்டலக் கரையில் சீட்டித் துணி தீட்டிய கைவினைஞர்கள் ஐரோப்பியர்கள் கொடுத்த மாதிரிப் படங்களை வைத்துத்தான் அவர்கள் கேட்ட பூக்களைப் போட்டார்கள். அந்தச் செடிகளில் பலவற்றை அவர்கள் ஆயுளில் பார்த்ததில்லை. ஒரு தலையில் ரோஜா, அதன் இலை வேறெதுவோ, கொடி இன்னொன்று. அப்படியும் அந்தத் துணிகளை இன்று லண்டன் விக்டோரியா–ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் வைத்துப் பார்க்கிறார்கள். பிரான்ஸ் 1686-ல் அவற்றைத் தடைசெய்தது; இங்கிலாந்து 1701-லும் 1721-லும் சட்டம் போட்டது. தம் நெசவாளர்களின் பிழைப்பே போய்விடும் என்று இரண்டு நாடுகள் பயப்படும் அளவுக்கு அழகாக இருந்தது, செடியைப் பார்க்காமல் வரைந்த பூ. அப்படியானால் செடியைப் பார்த்தே தீர வேண்டும் என்று எப்படிச் சொல்வது?

விடை அந்தத் துணி செய்யப்பட்ட விதத்திலேயே இருக்கிறது. காடாத் துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப் பாலிலும் ஊறவைத்துக் காயப்போட வேண்டும். ஓட்டை குத்திய காகிதத்தின் வழியே கரிப்பொடியைத் தட்டி வரைவடிவம் எடுக்க வேண்டும். எங்கே சிவப்பு வர வேண்டுமோ அங்கே படிகாரக் கரைசலால் எழுத வேண்டும். எழுதும்போது நிறம் ஒன்றும் தெரியாது. பிறகு சாயவேர் கொதிக்கும் தண்ணீரில் முக்கினால்தான் படிகாரம் பட்ட இடமெல்லாம் சிவக்கும். கரைசல் அடர்த்தியாக இருந்தால் கருஞ்சிவப்பு, நீர்த்திருந்தால் இளஞ்சிவப்பு. ஒரே ரோஜாவில் வெளி இதழ் வெளிறியும் உள் இதழ் அடர்ந்தும் தெரிய வேண்டுமென்றால், கண்ணுக்குத் தெரியாத கரைசலிலேயே அந்த வித்தியாசத்தைக் கணக்குப்போட்டு எழுதியிருக்க வேண்டும். அந்தக் கைவினைஞர் செடியைப் பார்க்கவில்லை, சரி. ஆனால் துணியையும் வேரையும் காரத்தையும் தண்ணீரையும் இமைகொட்டாமல் பார்த்தார். அவருடைய உழைப்பும் கவனமும் போய்ச் சேர்ந்த இடம் ஒன்று இருந்தது. வாழ்த்து அட்டையைப் படியெடுக்கும் நம் ரோஜாவில் கவனம் செடியிலும் இல்லை, பொருளிலும் இல்லை. மரபைச் சாட்சிக்கு அழைப்பவர்கள் மரபின் உழைப்பையும் சேர்த்து அழைக்க வேண்டும்.

வேலூர்–ஆம்பூர் வட்டாரத்துக்கு இதில் தனிப்பட்ட உறவு ஒன்று உண்டு. சீட்டித் துணிக்கு அடித்தளம் போட்ட அதே கடுக்காய்தான், ஆவாரம்பட்டையோடு சேர்ந்து, குரோமியம் வருவதற்கு முன்பு நம் டேனரிகளில் தோலைப் பதனிட்டது. பூ பிடிக்கத் துணிக்கு என்ன தேவைப்பட்டதோ அது தோல் கெடாமல் இருக்கவும் தேவைப்பட்டது. தோலுக்கும் ஓவியத்துக்கும் உள்ள தொடர்பு அதோடு நிற்கவில்லை. தென்னிந்தியாவில் குரோமியப் பதனிடும் சோதனைகளை ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1903-ல் தொடங்கியது சென்னைக் கலைப் பள்ளியில்; 1850-ல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கிய, இன்று எழும்பூரில் கவின் கலைக் கல்லூரியாக இருக்கும் அதே நிறுவனம். ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயரில் எழுந்து, மேட்டு நாட்டுக்கும் கடற்கரைக்கும் நடுவே சரக்கு கைமாறும் சந்தையாகவும் நெசவு ஊராகவும் வளர்ந்தது வாலாஜாபேட்டை. 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து புறப்பட்ட தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வந்து நின்றதும் வாலாஜா ரோடில்தான். நிறமும் நூலும் தோலும் புழங்கிய வட்டாரத்துக்கு ஓவியக் கண் அந்நியமான சரக்கு இல்லை.

பார்த்து வரைவது வெள்ளைக்காரத் தாவரவியலின் பழக்கம் என்று நினைப்பவர்களுக்கு ஜஹாங்கீரைக் காட்டலாம். 1620-ல் காஷ்மீர் போனபோது அங்கே பூத்திருந்த நூற்றுக்கும் மேற்பட்ட மலர்களை உஸ்தாத் மன்சூரை வைத்து வரையச் செய்ததாக அவரே எழுதிவைத்திருக்கிறார். மொகலாய ஓவியர்கள் ஐரோப்பிய மூலிகை நூல்களின் படங்களையும் படி எடுத்தார்கள் என்பது உண்மை. படி எடுத்த கையோடு தோட்டத்துக்கும் போனார்கள். அழகுக்காகவே வரைந்தவர்களும் இதில் விதிவிலக்கு இல்லை. டச்சு ஓவியர் யான் வான் ஹாய்சம் வரைந்த பூங்கொத்துகள் நிஜத்தில் சாத்தியமே இல்லாதவை. வெவ்வேறு பருவங்களில் பூக்கும் மலர்கள் ஒரே ஜாடியில் இருக்கும். அதை விடக் கற்பனை வேறென்ன? அந்த மனிதர்தான், மஞ்சள் ரோஜா ஒன்று கிடைக்காததால் ஓவியத்தை முடிக்க முடியவில்லை என்று 1742-ல் தன் வாடிக்கையாளர் தரப்புக்குக் கடிதம் எழுதினார். மஞ்சள் ரோஜா எப்படி இருக்கும் என்பது அவருக்குத் தெரியாதா? நூறு முறை வரைந்திருப்பார். நினைவிலிருந்து போட்டால் யாரும் கண்டுபிடிக்கவும் முடியாது. இருந்தும் பூ வரட்டும் என்று காத்திருந்தார்.

செல்பேசியில் படம் எடுத்துக்கொள்ளலாமே, கணினியிடம் சொன்னால் நொடியில் ரோஜா வரைந்து தருகிறதே என்பவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. புகைப்படம் அந்த நொடியில் அந்தக் கோணத்தில் தெரிந்ததைத் தரும். ரங்கையாவின் படம் மொட்டு, பூ, காய், வெட்டுமுகம் நான்கையும் ஒரே தாளில் வைக்கும். இன்றும் தாவரவியலாளர்கள் புது இனத்தை அறிவிக்கும்போது கோட்டோவியத்தைச் சேர்ப்பதற்கு அதுதான் காரணம். கணினி தரும் ரோஜா, ஏற்கெனவே இணையத்தில் குவிந்து கிடக்கும் ரோஜாப் படங்களின் சராசரி. காலண்டர் நோயின் முற்றிய நிலை அது.

கடைசியாக, இந்த வட்டாரத்திலிருந்து வரக்கூடிய கோபமான மறுப்பு ஒன்று மிச்சம் இருக்கிறது. பாலாறு கெட்டுக் கிடக்கிறது. வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்று சொன்ன பிறகும் கிணற்று நீர் உப்புக் கரிக்கிறது. ராணிப்பேட்டையில் குரோமியக் கழிவு மலைபோல் கிடக்கிறது. இந்த நிலையில் ரோஜா ஓவியம் பற்றிப் பேசுவது வயிறு நிறைந்தவர்களின் பொழுதுபோக்கு என்று ஒருவர் சொன்னால் அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் ரோஜா இந்த விவகாரத்தில் சாட்சி சொல்லக்கூடிய செடி. உப்புத் தண்ணீரைத் தாங்காத பயிர்களில் அதுவும் ஒன்று: இலை விளிம்பு முதலில் கருகும், பிறகு சிற்றிலைகள் உதிரும், பூ சிறுத்து நிறம் வெளிறும். ஒற்றை இலை ரோஜாவை வரைந்து பழகிய கண்ணுக்கு இந்த மாற்றம் எதுவும் தெரியாது. ஏழு சிற்றிலையையும் எண்ணி வரைந்த கண்ணுக்கு ஏழாவது கருகுவது தெரியும். பாலாற்றங்கரை ஊர்களின் செடிகளை, நன்றாக இருப்பதையும் கருகிப்போனதையும், தேதியும் ஊர்ப் பெயரும் போட்டு ஆண்டுதோறும் மாணவர்கள் வரைந்து வைத்தால், அது கலைக் கண்காட்சியாகவும் இருக்கும், வழக்குமன்றத்தில் காட்டத்தக்க ஆவணமாகவும் இருக்கும். கருகிய ரோஜாவை வரைவதில் அழகு குறைந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. நம் ஓவியத்தில் இதுவரை இல்லாத ஒரு ரோஜா அது.

செய்ய வேண்டியதற்குப் பெரிய நிதி எதுவும் தேவையில்லை. வைட்டின் 'ஐகோனிஸ்', ரெதூத்தேயின் தொகுப்பு இரண்டும் காப்புரிமைக் காலம் தாண்டியவை, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. நீலகிரி ரோஜாவை ரெதூத்தே வரைந்ததையும் 'ஐகோனிஸின்' 38-ஆவது படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ரங்கையா, கோவிந்து பெயர்களைச் சொல்லிப் பள்ளிப் பாடநூலில் ஒரு பக்கம் அச்சிடலாம். மலர்க் கண்காட்சியின் நூறாவது ஆண்டு நினைவாக 1995-ல் உதகையில் அமைத்த அரசு ரோஜாப் பூங்காவிலும், வேலூர் அரசு அருங்காட்சியகத்திலும் அதே படங்களைப் பெரிதாக்கி மாட்டலாம். வகுப்பறையில் தேவைப்படுவது நாலைந்து எட்வர்ட் ரோஜாவும் ஒரு பிளேடும்தான்: ஒன்றை நெடுக்காக வெட்டி உள்ளே எத்தனை மகரந்தத்தாள்கள் இதழாக மாறியிருக்கின்றன என்று எண்ணச் சொல்லலாம், இன்னொன்றை வாடும்வரை மூன்று நாள் வரையச் சொல்லலாம். சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்பதுதான் நிஜமான சிக்கல். 2012-ல் அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்காக 16,549 பேரைப் பகுதிநேர ஆசிரியர்களாக நியமித்தார்கள்; பணிநிரந்தரம் கேட்டு அவர்கள் போராடிக்கொண்டே இருக்கிறார்கள். பகுதிநேரச் சம்பளத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு ரங்கையாவை உருவாக்கிக் காட்டு என்று கேட்க முடியாது. அந்த ஆசிரியர்களை நிரந்தரமாக்க வேண்டும். முழுப் பரீட்சை நெருங்கினாலே ஓவியப் பாடவேளையைக் கணக்கு வாத்தியாருக்குக் கடன் கொடுக்கும் வழக்கத்தையும் பள்ளிகள் நிறுத்திக்கொள்ள வேண்டும்.